லாகின் கோளாறைச் சரிசெய்ய என் கணினியின் பாதுகாப்பையே அணைக்கச் சொன்னது பற்றிய புகார்

பெறுநர்:
தலைவர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆறு நாள் லாகின் செய்ய முடியாமல் போனது, உங்கள் ஹெல்ப்லைன் தந்த ஆபத்தான ஆலோசனைகள், கேட்காமலே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நீக்க முன்வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கோப்புச் சேமிப்புச் சேவைக்கு ஐந்து ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பதிப்பகத்தார் அனுப்பும் பக்கங்கள், நான் போட்ட திருத்தங்கள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. அவை என் சொத்து மட்டுமல்ல, இன்னும் அச்சாகாத பிறருடைய எழுத்து. அதனால்தான் நீளமான கடவுச்சொல்லும் அதற்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பாக ஆறு இலக்கக் குறியீடும் வைத்து அந்தக் கணக்கைக் காத்து வருகிறேன்.

பத்து நாள் வெளியூர் போய்விட்டு ஒரு திங்கட்கிழமை காலை திரும்பினேன். போகும்போது கணினியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன். வந்து மாட்டி, உங்கள் செயலியைத் திறந்தால், 'பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை. பாதுகாப்பு அமைப்புகளைச் சரிபார்க்கவும்' என்று மட்டும் வந்தது. எந்த அமைப்பு, எங்கே இருக்கிறது, என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முறை கணினியை அணைத்துப் போட்டும் அதே செய்திதான்.

ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். போனில் உங்கள் செயலி நன்றாகத் திறக்கிறது, வீட்டுக் கணினியில்தான் திறக்கவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். கணக்கிலும் உங்கள் சர்வரிலும் கோளாறு இல்லை, கணினியில்தான் ஏதோ இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே பிரவுசரைத் திறந்து பார்த்தேன். அங்கும் எந்தத் தளமும் வரவில்லை, ஏதோ எச்சரிக்கை வந்தது. "பிரவுசரும் என்னமோ சொல்லுதுங்க, படிக்கட்டுமா?" என்று கேட்டேன். "அது வேண்டாம் மேடம், அதை மூடிடுங்க, நம்ம செயலியை மட்டும் பாருங்க" என்றார் உங்கள் ஊழியர். மூடினேன். கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அந்த எச்சரிக்கையில் தெளிவாக எழுதியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விடை திரையிலேயே இருந்தது. அதைப் படிக்க விடாமல் மூட வைத்தது உங்கள் ஹெல்ப்லைன்.

அப்புறம் அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னார். அணைக்கப் போனபோது எவ்வளவு நேரத்துக்கு என்று அது கேட்டது: 10 நிமிடம், 1 மணி நேரம், நானே மறுபடி இயக்கும் வரை. எதைப் போடட்டும் என்று கேட்டேன். "கடைசியதைப் போடுங்க மேடம்" என்றார். அடுத்து ஃபயர்வால். அடுத்து இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், எஸ்எஸ்எல், டிஎல்எஸ் (இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறைகள்) என்று எழுதியிருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் போடச் சொன்னார். போட்டேன். செயலி திறக்கவில்லை. மேல்நிலைக் குழுவுக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்.

அணைத்ததையெல்லாம் திரும்பப் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்து பேசிய இருவரும் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பதற்றத்தில் நினைவு வரவில்லை. அந்த வார சனிக்கிழமை வரை, பிறருடைய அச்சாகாத புத்தகங்கள் இருக்கும் என் கணினி காவல் இல்லாமல் இணையத்தில் கிடந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் பதறுகிறது.

ஆன்டிவைரஸ் சில சமயம் பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவே புகுந்து, சர்வர் தன்னை அடையாளம் காட்டத் தரும் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சொந்தச் சான்றிதழைக் காட்டிக் குழப்பம் செய்வது உண்டு. அதனால் ஐந்து நிமிடம் அணைத்துப் பார்த்து, காரணம் அது இல்லை என்று தெரிந்ததும் உடனே இயக்கச் சொல்லியிருந்தால் அது முறையான சோதனை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டிக் விஷயத்துக்கு எந்த நியாயமும் இல்லை. எஸ்எஸ்எல் 3.0 பதிப்பு 1996இல் வந்தது. 2014இல் அதில் பெரிய ஓட்டை இருப்பது வெளியாகி, அடுத்த ஆண்டே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு அறிவித்துவிட்டது. டிஎல்எஸ் 1.0 1999இலும், 1.1 2006இலும் வந்தவை. அவை இரண்டையும் 2021 மார்ச்சில் அதே அமைப்பு கைவிட்டது. இப்போது நடப்பில் இருப்பவை 2008இல் வந்த 1.2, 2018இல் வந்த 1.3 மட்டுமே. உங்கள் சர்வர் நல்ல நிலையில் இருந்தால் பழையவற்றை அது ஏற்கவே கூடாது. அப்படியானால் என் கணினியில் அவற்றைத் திறந்து வைத்து என்ன பயன்? உங்கள் லாகினுக்கு ஒன்றும் இல்லை. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் உள்ள அந்த டிக்குகளை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களுக்குத்தான் பழைய, பலவீனமான கதவு திறந்தது.

மறுநாள் வேறொருவர் கூப்பிட்டார். மேல்நிலைக் குழு என்றார். கணினியின் நேர மண்டலத்தை உங்கள் சர்வர் இருக்கும் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். "சில பேருக்கு அப்படிச் செஞ்சா சரியாகுது" என்றார். காரணமாக அது மட்டும்தான் கிடைத்தது. மாற்றினேன், பலன் இல்லை. நேர மண்டலம் மாற்றும் அதே பக்கத்தில்தான் தேதியும் ஆண்டும் பெரிதாகத் தெரியும். அங்கே என்ன தேதி இருக்கிறது என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் அவர் சொன்ன பட்டியலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், என் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் வியாழக்கிழமை நான்தான் கண்டுபிடித்தேன். கணினியிலேயே இருந்த ஒரு பழைய கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு, ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அதைக் காணோம். புதிதாகச் சேமித்தது மேலே நிற்கும்படிதான் எப்போதும் வைத்திருப்பேன். உருட்டிக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் அடியில், 2015 ஜனவரி 4 என்ற தேதியோடு அது கிடந்தது. திங்கட்கிழமை கணினியைப் போட்டபோது கடிகாரம் 2015 ஜனவரி 1க்குப் போய், அங்கிருந்து நாள் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது.

காரணம் மிக எளிது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். பெரும்பாலான மேசைக் கணினிகளில் 2032 என்ற எண் உள்ளதுதான். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதையே அந்த எண் சொல்கிறது. பிளக் மாட்டியிருக்கும் வரை அது தீர்ந்துபோனது தெரியாது. பத்து நாள் பிடுங்கி வைத்ததும் கடிகாரம் நின்றுவிட்டது.

கடிகாரத்துக்கும் லாகினுக்கும் என்ன சம்பந்தம் என்பது உங்கள் நிறுவனத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. உங்கள் சர்வர் தன்னை அடையாளம் காட்டத் தரும் சான்றிதழில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2020 செப்டம்பரில் அப்படிப்பட்ட சான்றிதழுக்கு அதிகபட்ச ஆயுளே 398 நாள் என்று ஆனது. அதையும் 2026 மார்ச்சிலிருந்து படிப்படியாகக் குறைத்து 2029இல் 47 நாளுக்குக் கொண்டுவர முடிவாகியிருக்கிறது. 2015இல் நிற்கும் கணினிக்கு உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் அது இணைப்பை மறுத்தது. கணினி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தேதியையும் நேரத்தையும் கையால் மாற்றினேன். செயலி உடனே இணைந்தது. கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! அடுத்து ஆறு இலக்கக் குறியீடு கேட்டது. அந்தக் குறியீட்டை உண்டாக்கும் மென்பொருளை அதே கணினியில்தான் வைத்திருக்கிறேன். போட்டேன், தவறான குறியீடு என்று வந்தது. அடுத்தது வரும்வரை காத்திருந்து போட்டேன். அதுவும் தவறு. ஐந்தாவது முறை கணக்கு 24 மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது.

மறுபடி ஹெல்ப்லைன். மூன்றாவது ஊழியர். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணமே அவர் சொன்னதுதான். என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார், சொன்னேன். "சரி மேடம், உங்க இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நான் இங்கிருந்தே எடுத்துடறேன். கடவுச்சொல் மட்டும் போட்டா உள்ளே போயிடலாம்" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. என் பெயரும் பிறந்த தேதியும் எத்தனை பேருக்குத் தெரியும்! அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு யார் கூப்பிட்டாலும் என் பூட்டை நீங்கள் கழற்றிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. வேண்டாம், எடுக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். அன்று மாலையே 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை' என்ற குறிப்போடு என் புகார் எண்ணை மூடிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது.

அப்புறம் சனிக்கிழமை உட்கார்ந்து, போனில் தேடிப் படித்து நானே புரிந்துகொண்டேன். அந்தக் குறியீடு கணினியும் உங்கள் சர்வரும் பகிர்ந்து வைத்திருக்கும் ஒரு ரகசியச் சாவியிலிருந்தும், நேரத்திலிருந்தும் பிறக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரப்படி எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணி, அதை 30, 30 வினாடியாகப் பிரித்துத்தான் குறியீடு போடுகிறார்கள். 2011இலேயே வந்த தரம் இது. முன்பின் அரை நிமிடம் போல வித்தியாசம் இருந்தால் சர்வர் பொறுத்துக்கொள்ளும், மணிக்கணக்கில் இருந்தால் ஒருநாளும் பொருந்தாது. உங்கள் ஊழியர் மாற்றச் சொன்ன நேர மண்டலம் அப்படியே இருந்தது. அதன் மேல் நான் நம் ஊர் நேரத்தைக் கையால் வைத்தேன். பார்வைக்கு மணி சரி. உள்ளே உலகப் பொது நேரம் பல மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. சான்றிதழுக்குச் சில மணி நேர வித்தியாசம் பொருட்டில்லை, அதனால் இணைப்பு கிடைத்தது. குறியீட்டுக்கு அது பெரிய விஷயம், அதனால் ஒவ்வொன்றும் தவறாயிற்று. அதாவது என் கணக்கு பூட்டப்பட்டதற்கு நேரடிக் காரணம் உங்கள் மேல்நிலைக் குழுவின் ஆலோசனை.

நேர மண்டலத்தைத் திருத்தி, நேரத்தைத் தானாகவே வைத்துக்கொள்ளும் வசதியை இயக்கி, 'இப்போதே ஒத்திசை' என்பதை அழுத்தினேன். அடுத்து வந்த முதல் குறியீடே வேலை செய்தது. பிறகு டிக்குகளை எடுத்து, ஃபயர்வாலையும் ஆன்டிவைரஸையும் இயக்கி, கணினி முழுவதையும் ஒருமுறை ஸ்கேன் செய்து, புது பேட்டரியும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை தர வேண்டிய மெய்ப்பை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தர முடிந்தது. இத்தனை ஆண்டில் நான் தவணை தவறியது அதுதான் முதல் முறை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். எல்லாவற்றுக்கும் முதலாக, பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் கேட்டு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நீக்கும் அதிகாரத்தை உங்கள் ஹெல்ப்லைனிடமிருந்து உடனே எடுங்கள். அதை இழந்தவர்களுக்கு உதவ மீட்புக் குறியீடு, காத்திருப்புக் காலம், பதிவு செய்த மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை என்று எத்தனையோ வழி இருக்கிறது. என் கணக்கில் அந்த மாதிரி யாராவது இதுவரை கை வைத்தார்களா என்பதையும், கடந்த மூன்று மாத லாகின் பதிவுகளையும் எனக்கு எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

அடுத்தது அந்தப் பிழைச் செய்தி. சான்றிதழ் ஏன் மறுக்கப்பட்டது என்பது உங்கள் செயலிக்குத் தெரியும். பிரவுசர்கள் கடிகாரம் தவறு என்று நேராகவே சொல்கின்றன. உங்கள் செயலியும் 'உங்கள் கணினியின் தேதி 2015 என்று காட்டுகிறது, சரிபாருங்கள்' என்று ஒரு வரி சொல்லலாம். குறியீடு தொடர்ந்து தவறாகும்போதும் நேரத்தையும் நேர மண்டலத்தையும் பார்க்கச் சொல்லலாம். ஊழியர்கள் கையில் இருக்கும் கேள்விப் பட்டியலிலும் தேதி என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பழைய டிஎல்எஸ், எஸ்எஸ்எல் டிக் போடச் சொல்லும் வரியை நீக்குங்கள். என்னைப் போல அதைச் செய்தவர்கள் எத்தனை பேர் இன்னும் எடுக்காமல் இருக்கிறார்களோ! பாவம், அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த ஆலோசனை பெற்ற ஒவ்வொருவருக்கும் நீங்களே கடிதம் எழுதி அதைத் திருப்பச் சொல்ல வேண்டும்.

பேசிய ஊழியர்கள் மூவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம். கையில் தப்பான பட்டியலைக் கொடுத்து உட்கார வைத்தது நிறுவனம்தான். ஆனால் 'ஒத்துழைக்கவில்லை' என்ற குறிப்பு என் கணக்கிலிருந்து நீக்கப்பட வேண்டும். என் பூட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னது ஒத்துழையாமை ஆகாது. சேவை கிடைக்காத ஆறு நாட்களையும் சந்தாவில் சேர்த்துத் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் தேவை. அதுவரை என் கோப்புகளின் பிரதி ஒன்றை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். பதிலைப் பொறுத்தே சந்தாவைப் புதுப்பிப்பதா என்று முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாடிக்கையாளர் எண், மூன்று அழைப்புகளின் நாள், நேரம், புகார் எண் மூடப்பட்ட மின்னஞ்சல், 2015 தேதி தெரியும் திரைப் படம்.