தட்டைப் பார்த்தது போதும், குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் தொலைதூரக் குடியிருப்புகளில் வாழும் பூர்வகுடிக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனால் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து பற்றிய விழிப்புணர்வு போதாது என்று முடித்திருந்த இடம் சுருக்கென்று தைத்தது. வடக்குப் பிராந்தியத்தில் அப்படியொரு குடியிருப்பின் மருத்துவ நிலையத்தில் சில ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். முதல்முறை போனபோது காய்கறிப் படங்கள் அச்சிட்ட விழிப்புணர்வு அட்டைகளை நானும் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போனேன்.

ஒரு பையனின் எடை அட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்து மாதம் வரை கோடு ஒழுங்காக ஏறியது. ஏழாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்ததும் படுத்துவிட்டது. கொஞ்சம் தலைதூக்கியது, மறுபடி வயிற்றுப்போக்கு. முதல் பிறந்தநாளுக்குள் நான்கு முறை. அவனுடைய பாட்டி அட்டையை வாங்கி, அந்தக் கோட்டை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே சாப்பிடுகிறான்" என்றார். சாப்பிட்டான்தான். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை.

சிறுகுடலின் உட்சுவரில் குட்டி விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தாம் உணவின் சத்தை உள்ளே இழுப்பவை. ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்று வயிற்றுப்போக்குக் கிருமிகள் ஒன்று போய் இன்னொன்று தாக்கும்போது அவை தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பாலின் சர்க்கரைகூடச் செரிக்காது. குடல் சுவரும் கசியத் தொடங்கும். வடக்குப் பிராந்தியத்தின் தலைநகரான டார்வினில் மருத்துவமனைக் குழந்தைகளிடம் இந்தக் கசிவை அளந்து பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு இல்லாத பூர்வகுடிக் குழந்தைகளுக்குக்கூட அது மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. வெளிப்பார்வைக்கு நோயில்லாத பிள்ளையின் குடலும் புண்பட்டுக் கிடக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். அந்தத் தாயிடம் போய்ப் பூசணிக்காய்ப் படத்தை நீட்டினால் அவர் என்ன செய்வார்?

தடுப்பு மருந்து இல்லையா என்று கேட்கலாம். ரோட்டா வைரஸை 1973இல் கண்டறிந்ததே மெல்போர்னில் ஆய்வாளர் ரூத் பிஷப்பின் குழுதான். அதற்கான சொட்டு மருந்து 2006இல், நாடு முழுவதும் வருவதற்கு முன்பே, வடக்குப் பிராந்தியத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அங்குள்ள பூர்வகுடிக் குழந்தைகளுக்கு அது மற்ற இடங்களில் தரும் அளவுக்குக் காப்புத் தரவில்லை. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழுவின் கதை இன்னும் மோசம். மண்ணிலிருந்து தோல் வழியே நுழையும். உடம்புக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றிப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். அதற்குரிய ஐவர்மெக்டின் மாத்திரையை 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. எடை ஏறாத பிள்ளைக்கு எடை போதாது என்று மருந்து இல்லை!

ஆக, கிருமி வாய்க்குள் போகும் முன்பே தடுத்தாக வேண்டும். இதையும் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள பிட்ஜன்ஜஜாரா என்ற பூர்வகுடியினரின் நிலங்களில், பூர்வகுடிகளே நடத்தும் ஙானம்பா சுகாதார மன்றம் 1987லேயே ஓர் அறிக்கை கொடுத்தது. உடல்நலத்துக்கு ஒரு வீட்டில் நடந்தாக வேண்டிய ஒன்பது காரியங்களை அது வரிசைப்படுத்தியது. முதலாவது, குளிப்பது, அதிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களைத் தினமும் குளிப்பாட்டுவது. அந்தப் பணியில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் பால் ஃபொலெரோஸும் தோழர்களும் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய், கழிவறை, மின்இணைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்கள். பழுதுகளில் குடியிருப்பவர்கள் உடைத்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பகுதி பராமரிப்பே இல்லாததால் வந்தவை. மிச்சம், கட்டும்போதே ஒழுங்காகக் கட்டாதவை. "கொடுத்த வீட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்" என்று நகரத்து விருந்துகளில் கேட்டுச் சலித்த எனக்கு அந்தக் கணக்கு பெரிய ஆறுதல். நியூ சவுத் வேல்ஸில் இந்த முறையில் பழுது நீக்கிய வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்களுக்காக மருத்துவமனையில் சேர்வது, அந்த வசதி கிடைக்காத கிராமப்புறப் பூர்வகுடிகளைவிட 40 சதவீதம் குறைவு என்று அரசின் பத்தாண்டு ஆய்வே சொன்னது.

உணவே பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்க் கடையில் வாடிய கீரைக்கு எழுதியிருந்த விலையைப் பார்த்து நானே திரும்பி வந்ததுண்டு. ஆனால் அந்தப் பையனின் வீட்டில் பதினான்கு பேர், ஒரே கழிவறை. உப்புப் படிந்த நிலத்தடி நீரால் சுடுநீர்க் கலம் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. படிவம் நிரப்பி அனுப்பினோம். வெகுதொலைவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், உதிரிபாகம் இல்லை என்று போய்விட்டார். மறுபடியும் படிவம்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய வாரத்தில் புதுக் கலம் வந்தது. குளியல் தொட்டியின் அடைப்பான் மட்டும் வரவில்லை. பாட்டி பழந்துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, தண்ணீர் வடிவதற்குள் அவசர அவசரமாக அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
டார்வின்