அம்மாவின் பழைய ஃபைல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிறு போனில் பேசும்போது, "அம்மாவுக்கு மார்பகப் புற்றுன்னு எத்தனை வயசுலப்பா கண்டுபிடிச்சோம்?" என்று கேட்டாய். 44 என்றேன். உடனே "சரிப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டாய். ஏன் கேட்டாய் என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் இல்லை.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை மாப்பிள்ளைதான் சொன்னார். ரொம்பப் பெருமையாக இருந்தது. நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அதை விடு. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு.

இந்த நோய் எப்படித்தான் தொடங்குகிறது என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். போவெரி என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கடல் முள்ளெலியின் ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு பிரிந்து செல்கள் கெட்டுப்போயின. புற்றும் இப்படிப் பங்கு பிசகிய ஒரே ஒரு செல்லில்தான் தொடங்கும் என்று 1914ல் எழுதினார். அடுத்த வருடம் இறந்துவிட்டார். அந்தப் புத்தகத்தை 1929ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது அவருடைய மனைவி. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பை நிறுத்திவிட்டேன்.

1954ல் ஆர்மிட்டேஜ், டால் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். பல வகைப் புற்றுகளில் இறப்பு வீதம் ஏறத்தாழ வயதின் ஆறாவது அடுக்காக ஏறுகிறது, அதாவது வயது இரட்டித்தால் வீதம் அறுபத்துநாலு மடங்கு. அப்படியானால் ஒரு செல் புற்றாக மாற ஆறேழு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்க வேண்டும். எத்தனை படிகள் என்பதைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வருடக்கணக்கில் ஆகும் என்பது மட்டும் மாறவில்லை.

படி போடாமல் விடை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் தந்ததில்லை. உன் நோட்டிலேயே எத்தனை முறை சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நானே அதைத்தான் செய்தேன். நீ வீட்டை விட்டுப் போய் ஏழு மாதத்தில் கட்டி தெரிந்தது. "நீ போன கவலைதான் அவளைத் தின்னுது" என்றேன். நீ பதிலே பேசாமல் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாய். அது பொய் பாப்பா. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவளுக்குள் முதல் படி நடந்திருக்கலாம். உன்னால் வந்ததல்ல.

உன் அம்மாவையும் நான் விடவில்லை. நோய் திரும்பியபோது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கத்தினேன். ஒரு செல்லின் வழிவந்தவை எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை, அவற்றில் தாக்குப்பிடிப்பவை பெருகும் என்று 1976ல் நோவெல் என்ற விஞ்ஞானி எழுதியிருக்கிறார். மருந்துக்கு மசியாதவை உள்ளே தங்கியிருந்திருக்கும். அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஃபைலின் பின்னட்டையில் பென்சிலால் தேதிவாரியாக டிக் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம்தான் பார்த்தேன்.

இன்னொன்று. குழந்தைகளுக்கு வரும் கண் புற்றை வைத்து நட்சன் என்பவர் 1971ல் சொன்னது: செல்லுக்கு இரண்டு அடி விழ வேண்டும், சில குடும்பங்களில் முதல் அடி பிறக்கும்போதே விழுந்திருக்கும். மார்பகப் புற்றிலும் பிஆர்சிஏ என்ற மரபணுக்களில் இருக்கும் கோளாறு வழியாக அப்படி உண்டு. பெற்றவரிடம் அந்தக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் அது நோய் இல்லை, ஒரு படிதான். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டரிடம் காட்டிவிடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் கிளம்பி வருகிறேன். வராந்தாவில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஃபைலை நகல் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் எந்த வயதில் வந்தது என்று முதல் தாளில் எழுதியிருக்கிறேன், டாக்டர் கேட்பார். அந்தப் பின்னட்டையை மட்டும் அனுப்பவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.

அப்பா