முடிவுத் தேதி இல்லாத மெய்நிகர்க் கணினிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் ஆராய்ச்சிக்கு இணையம் வழியே கணினித் திறனை வழங்கும் பொது மேகக் கணிமைச் சேவை என்றாலே இன்னும் எத்தனை சர்வர்கள் வாங்கலாம் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. அவற்றில் ஆய்வாளர்களுக்கு ஒதுக்கிய இடம் பயன்பாடு முடிந்ததும் எவ்வாறு திரும்பப் பெறப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இத்தகைய சேவை ஒன்றைப் பராமரிப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வணிகச் சேவைகளில் மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டே பயன்படாத கணினியை அணைக்க வைத்துவிடும். ஆய்வாளரிடம் கட்டணம் பெறாத சேவையில் அந்த நெருக்குதல் இல்லை. பட்டம் பெற்று மாணவர் வெளியேறிய பின்னும் அவர் தொடங்கிய மெய்நிகர்க் கணினி, அதாவது சர்வருக்குள் மென்பொருளால் அமைத்த தனிக் கணினி, எந்தக் கணக்கீடும் செய்யாமல், பாதுகாப்புத் திருத்தங்களும் இடப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். சர்வரின் மையச் செயலியின் (சிபியு) நேரத்தையாவது பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம். நினைவகத்தையும் ஜிபியு எனும் வரைகலைச் செயலியையும் அவ்வளவு தாராளமாகப் பகிர முடியாது என்பதால், காத்திருக்கும் வேறொருவரின் ஆய்வு அங்கேயே தடைப்படுகிறது.

கணினியை அணைத்துவிட்டால் இடம் காலியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது மீண்டும் இயங்கத் தேவையான பங்கு பெரும்பாலும் அதே சர்வரில் ஒதுக்கப்பட்டபடியே இருக்கும். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம் நடத்தும் ஜெட்ஸ்ட்ரீம் 2 சேவை இதைக் கணக்கிலேயே காட்டிவிடுகிறது: ஓடும் கணினிக்கு ஆய்வாளரின் பயன்பாட்டு ஒதுக்கீட்டிலிருந்து முழு அலகு கழியும், நிறுத்தி வைத்ததற்குப் பாதி கழியும், வட்டின் படிமத்தை, அதாவது அதன் முழு நகலை, மட்டும் சேமித்துச் சர்வரிலிருந்து இறக்கி வைத்ததற்கு ஏதும் கழியாது. பணமே கைமாறாமல் பொறுப்பை உணர்த்தும் இந்த ஏற்பாட்டை மிக நேர்மையானதாகக் கருதுகிறேன். ஆஸ்திரேலியாவின் நெக்டர் சேவையிலும் ஒதுக்கீட்டுக்குக் காலக்கெடு உண்டு. தொடர விரும்புவோர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் கெடு முடிந்ததும் நிரல் தானாகவே அழித்துவிடட்டும் என்று விடுவது கொடுமை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் புழக்கத்தில் இல்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததால், பல வாரங்களாக ஓடிய ஒரு கணக்கீடு பாதியில் அறுந்ததை என் பணியில் கண்டிருக்கிறேன். அந்த ஆய்வாளரிடம் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை. முதலில் எச்சரித்து, பின்னர் இறக்கி வைத்து, படிமத்தைச் சில மாதங்கள் காத்து, பொறுப்பாளரிடம் நேரில் பேசிய பிறகே நீக்க வேண்டும். இதற்கு ஆட்கள் தேவை. சர்வர் வாங்க நிதி ஒதுக்கும் அமைப்புகள் அவற்றை நடத்துவோரின் ஊதியத்தையும் அதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முடிவுத் தேதியையும் மாற்றுப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆராய்ச்சிக் கணினிச் சேவைப் பணியாளர் ஒருவர்