கடைசிக் கடதாசி

அன்பு மச்சான்,

அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சது பெரிய நிம்மதி. இஞ்ச சிறுபோகம் வெட்டி முடிஞ்சுது. இரணைமடுத் தண்ணி எங்கட பங்குக்கு ரண்டு ஏக்கருக்குத்தான் கிடைச்சது, ஆனா நெல்லுப் பிழையில்லை.

நான் எழுத வந்தது வேற கதை. மூண்டு நாளாய் மனதுக்குள்ள கிடக்கு. வீட்டில சொன்னால் "காட்ஸ் விளையாட்டுக்கோ இந்த முகம்" எண்டு கேக்கினம். உனக்கு விளங்கும்.

ரொறன்ரோவில இருந்து வந்த மருமோன் காட்ஸ் விளையாட்டில காசுக்குப் பதிலாய் வைக்கிற வில்லையள், சிப்ஸ் எண்டு சொல்லுறது, ஒரு பெட்டி கொண்டந்தவன். எங்கட மாமரத்துக்குக் கீழ ரண்டு மேசை போட்டு, 18 பேருக்குப் போக்கர் போட்டி வைச்சான். முதல் பரிசு மறியாடு. அடுத்த ரண்டு பேருக்கும் கோழி. ஆளுக்கு 5,000 சிப்ஸ். அவனிட்ட ரண்டு மாதமாய் போனில படிச்சனான். பத்துக் கை வந்தால் எட்டை மடிச்சுப் போடுற பொறுமைதான் அந்த விளையாட்டு. பின்னேரம் நாலு பேர் மிச்சம். என்னட்ட 31,000.

அப்பதான் ரண்டு ஆசு வந்தது மச்சான். 221 கைக்கு ஒருக்கா வாற கை. நான் 3,000 வைச்சன். எதிர்ல இருந்த முரசுமோட்டைப் பொடியன் அதை 9,000 ஆக்கினான். நான் என்ர சிப்ஸை முழுக்கத் தள்ளினன். அவனும் யோசிக்காமல் வந்தான். திருப்பிக் காட்டினா ரண்டு ராசா! நூறு தரம் விளையாடினால் எண்பதுக்கு மேல எனக்குத்தான். ரண்டு பேருக்கும் பொதுவாய் மேசை நடுவில ஜாக், ஒன்பது, நாலு விழுந்தது. அடுத்தது ஆறு. இனி மிச்சம் 44 கடதாசி, அதில அவனைக் காப்பாத்த ரண்டே ரண்டு. 22 தரத்தில ஒருக்கா. மருமோன் கடைசிக் கடதாசியை மெல்லத் திருப்பினான். ராசா. அவனுக்கு மூண்டு ராசா ஆச்சுது.

ஒருத்தரும் பேசேல்லை. கோயில் மணிதான் கேட்டது.

இதை அவங்கள் 'பாட் பீட்' எண்டு சொல்லுவினமாம். பேர் இருந்தால் நோவு குறையுமோ? இரவிரவாய் அந்தக் கையைத் திருப்பித் திருப்பி விளையாடிப் பார்த்தன். முழுக்கத் தள்ளாமல் அவன்ர 9,000க்கு மட்டும் ஈடு வைச்சுப் பார்த்திருந்தால்? ரண்டு ராசா வைச்சிருக்கிறவன் அந்த ஜாக்குக்குப் பயந்து போகமாட்டான். எங்க தேடியும் என்ர பிழை அகப்படேல்லை.

நாங்கள் விளையாடின முந்நூற்றி நாலு காட்ஸில இப்பிடி இல்லையே. 32 கடதாசி, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, எல்லாம் கூட்டினா 304. தோத்தால் ஏன் தோத்தம் எண்டு விடிய விடியக் கதைக்கலாம். நீ துரும்பை வேளைக்கு இறக்கிப்போட்டாய் எண்டு நான் கத்த, நீ நான் ஏலம் கேட்ட கேள்வியே பிழை எண்டு கத்த, பக்கத்துக் கூடாரத்து ஐயா எழும்பி வந்து பேசுவார். 2009 இல மெனிக் பாம் அகதி முகாமில எங்கட காட்ஸ் கட்டுக்குள்ள கிளாவர் பத்துத் துலைஞ்சு, பிஸ்கட் பெட்டி மட்டையில நீ வெட்டி எழுதினது நினைவிருக்கோ? அது யாரிட்ட இருக்கெண்டு பின்பக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும். அதை வைச்சு ஒருத்தரும் கள்ளம் செய்யேல்லை. இந்த முறையும் சண்டை பிடிக்க நீ பக்கத்தில இருந்திருக்கலாம் எண்டு உண்மையாய் நினைச்சன்.

ஒண்டு மட்டும் உறுத்துது. அந்தப் பொடியன் எழும்பி, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ" எண்டு கையை நீட்டினவன். நான் அதைப் பிடிக்காமல் கிணத்தடிக்குப் போட்டன். முகம் கழுவிப்போட்டு வரேக்க அவன் அடுத்த கை விளையாடிக்கொண்டிருந்தான். கடைசியில ஆடும் அவனுக்குத்தான்.

நாளைக்குக் காலமை முரசுமோட்டைப் பக்கம் போறன். மறிக்குக் கொஞ்சம் குழை வெட்டி வைச்சிருக்கிறன்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி