மறுபடியும் கைரேகை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கோத்தகிரியில் மழை விட்டுதா? போன வாரம் பேசினப்ப, "திரும்பவும் ரேகை எடுக்கக் கூப்பிட்டாங்களாமே, ஏதாச்சும் போலீஸ் கேஸா?"ன்னு கேட்டே. எதிர்வீட்டு அத்தை கிளப்பிவிட்டதாத்தான் இருக்கும். போனில் சொன்னா பாதி உனக்குக் காதில் விழாது, அதான் எழுதறேன். தம்பியை நிதானமா படிக்கச் சொல்லு.

கேஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அமெரிக்காவில் நிரந்தரமாத் தங்கறதுக்கான கிரீன் கார்டுக்கு மனு போட்டா, ரேகை எடுத்து எஃப்.பி.ஐ.ங்கிற இந்த நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு அனுப்பி, ஆள் மேல குற்றப் பதிவு இருக்கான்னு பார்ப்பாங்க. அந்த முடிவு 15 மாசம்தான் செல்லும். அதுக்குள்ள கார்டு வந்துட்டா தொல்லை விட்டுது. நம்ம ஆளுங்களுக்கு எங்கே வருது? வேலை வழியா வருஷத்துக்கு ஏறக்குறைய 1,40,000 கார்டு, அதுல ஒரு நாட்டுக்குப் பொதுவா நூத்துக்கு ஏழுதான். அதனால நம்மவங்க வரிசை ரொம்ப நீளம். அதுல நாங்க இடம் பிடிச்சது 2014-ல. 2020 அக்டோபரில் திடீர்னு எங்களை மாதிரி ஆளுங்ககிட்டயும் மனு வாங்க ஆரம்பிச்சாங்க, அடிச்சுப் பிடிச்சுப் போட்டோம். நடுவுல கொஞ்சம் நகர்ந்த வரிசை மறுபடி பின்னாடி போயிருச்சு. மனு அப்படியே கிடக்கு, ரேகை மட்டும் காலாவதியாகுது. விரல் என்னவோ அதே விரல்தான்! சில பேருக்குப் பழைய ரேகையையே எடுத்துக்கறாங்க. எங்களுக்கு அந்த யோகம் இல்லை.

ரேகை எடுக்கிற ஆபீஸுக்குள்ளே போனா செல்போனை அணைக்கச் சொல்வாங்க. கண்ணாடித் தட்டு மேல முதல்ல நாலு விரலைச் சேர்த்து வைக்கணும். அப்புறம் ஒவ்வொரு விரலா, ரேகை எடுக்கிற அந்தம்மாவே பிடிச்சு, நகத்தோட இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் உருட்டும். நாமளா அழுத்தினா, "விறைக்காதே, கையை விடு"ன்னு சொல்லும். இந்தக் குளிருக்கு என் விரல் காஞ்சு போய், திரையில ரேகை சரியாவே விழலை. "நெத்தியில தேய்ச்சுட்டு வை"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. உன் கட்டைவிரல் மெஷினில் விழாதப்ப நம்ம ரேஷன் கடைக்காரர் தலைமுடியில தேய்க்கச் சொல்வாரே, அதே வைத்தியம்!

நீ இத்தனை வருஷம் கொழுந்து கிள்ளின கை. கறை ஏறி, தோல் தேஞ்சு, ரேகை எங்கே இருக்கும்? இங்கேயும் கொத்து வேலை பார்த்தவங்களுக்கும் வயசானவங்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. ரெண்டு தடவை எடுத்தும் தேறலைன்னா, குடியிருந்த ஊர் போலீஸில் கடிதம் வாங்கிட்டு வரச் சொல்வாங்க.

இப்பப் பெரியவளுக்கும் பதினாலு முடிஞ்சதால ரேகைக்குக் கடிதம் வந்திருக்கு. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடலாம்னு அவளுக்கு ஒரே குஷி.

திருவிழாவுக்கு வரலைன்னு கோவிச்சுக்காதே. எங்க மூணு பேர் தேதியும் அந்த வாரத்துலதான் விழுது. சொல்லாம கொள்ளாம போகாம விட்டா, மனுவைக் கைவிட்டதா முடிச்சிருவாங்க. காரணம் சொல்லித் தேதி மாத்தலாம்தான். அடுத்த தேதி எப்ப வரும்னு யாரு கண்டா? அவர் மாத்திக் கேட்கலாம்னாரு, நான்தான் ஒத்துக்கலை. முடிஞ்சதும் பள்ளிக்கூட லீவுல வர டிக்கெட் பார்க்கறேன்.

அதுவரைக்கும் ரேஷன் கடையில விரலோட மல்லுக்கட்டாதே, கண்ணைப் பார்க்கிற மெஷினில் பதியச் சொல்லு. தம்பி உன்னை ஆதார் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய் ரேகை, கண் ரெண்டையும் புதுப்பிக்கட்டும். போகும்போது மொபைல் நம்பர் சேர்ந்திருக்கான்னும் பார்க்கச் சொல்லு.

அன்புடன்,
உன் மகள்