மண்டபம் அப்புறம் கட்டிக்கலாம், முதல்ல அடுப்பை மூட்டுங்க

எங்க ஊர் சன்மார்க்க சங்கத்து பெரியவங்களுக்கு வணக்கம்ங்க,

வள்ளலாருக்கு கல் மண்டபம் கட்டி உள்ள சிலை வைக்கப்போறதா நோட்டீஸ் பாத்தேன், எங்க வீட்டுக்கும் ரசீது புக் வந்துச்சு. குடுக்க மனசு இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

1867 மே மாசம் வடலூர்ல அய்யா தருமச்சாலை தொடங்கினாரு, பார்வதிபுரத்து ஜனங்க சேர்ந்து குடுத்த 80 காணி நிலத்துல. சத்திய ஞான சபை 1872 தைப்பூசத்துக்குத்தான் திறந்தாங்க. நடுவுல கிட்டத்தட்ட 5 வருஷம், அந்த 5 வருஷமும் கும்பிட சபை இல்ல, ஆனா சோறு இருந்துச்சு, அன்னிக்கு அவரு ஏத்துன அடுப்பு இன்னிவரைக்கும் அணையாம எரியுதுங்க. முதல்ல சோறு அப்புறம் சபைன்னு அவரே செஞ்சு காட்டிட்டு போயிருக்காரு, நாம ஏன் தலைகீழா பண்றோம்?

சிலை பத்தியும் சொல்லிடறேன். பண்ருட்டி குயவர் ஒருத்தர் அவரு உருவத்தை மண்ணுல செஞ்சு கொண்டுவந்தப்போ, பொன்னான மேனி மண்ணாயிற்றேன்னு கீழ போட்டு உடைச்சிட்டாருன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, நீங்களும் மேடையில சொல்லி கேட்டிருக்கேன். ஞான சபையிலயும் சிலை கிடையாது, 7 திரை விலகுனா தெரியறது ஜோதிதான்.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. போன பூசத்துக்கு ரெண்டாவது பந்தியில உக்காந்த ஒரு அம்மாவை, நீ எந்த தெருன்னு பரிமாறுறவங்க கேட்டாங்க. அந்தம்மா பாதி சோத்தோட எழுந்து போயிட்டாங்க. நான் எதிர் வரிசையில இருந்தேன், வாயத் திறக்கல, அது இன்னிக்கும் உறுத்துது. பசின்னு வந்தவங்ககிட்ட என்ன தேசம், என்ன சமயம், என்ன சாதின்னு விசாரிக்காம போடணும்னு ஜீவகாருண்ய ஒழுக்கத்துல அய்யா எழுதி வெச்சிருக்காரு. பசியை ஏழைங்க உடம்புல பத்தி எரியற நெருப்புன்னு சொன்னவருங்க அவரு, எரியற வீட்டுக்கு தண்ணி ஊத்தறவன் தெரு பேரு கேப்பானா?

விடியக்காலைல 4 மணிக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டுல ஒருநாள் நின்னு பாருங்க. பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்கு போற சனம், மழை பொய்ச்சு காட்டை அப்படியே போட்டுட்டு வந்தவங்க, கைக்குழந்தையோட சித்தாள் வேலைக்கு போற பொண்ணுங்க, நிறைய பேரு வெறும் டீயோட பஸ் ஏறுறாங்க. அவங்களுக்கு ஒரு டம்ளர் கம்மங்கூழோ ரெண்டு உருண்டை களியோ தினமும் போட நம்மால முடியாதா? இந்தப்பக்கம் பாலக்கோட்டு மார்க்கெட்டுல விலை இல்லன்னா பறிப்புக்கூலிக்கு கூட கட்டாதுன்னு தக்காளியை ரோட்டோரம் கொட்டுறோம், அதை கொண்டாந்து குடுன்னு கேட்டா எந்த சம்சாரி மாட்டேன்னு சொல்லுவான்?

மண்டபத்துக்கு சேர்ந்த பணத்துல ஒரு தகர ஷெட்டும் ரெண்டு அண்டாவும் வாங்கிடலாம். எங்க வீட்டுல இருந்து மாசம் ஒரு மூட்டை ராகி தரேன், விறகும் தரேன், வாரத்துல ரெண்டு நாள் விடியக்காலைல வந்து களி கிண்டவும் நான் தயார். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ராகி மூட்டையோடவே வரேன், எங்க இறக்கணும்னு மட்டும் சொல்லுங்க.