சுருங்குகிற மூளைக்கு வீக்கம் என்று பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் மருத்துவப் பக்கத்தில், 'மூளையில் உள்ள வீக்கத்தைக் குறைத்தாலே மறதி நோய் மட்டுப்படும்' என்று ஒரு வரி வந்திருந்தது. அதைக் கட்டம் கட்டி மஞ்சள் அடித்து வேறு போட்டிருந்தீர்கள். அப்புறம் கண்ணில் படாமல் இருக்குமா? அபுதாபியிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் தம்பியின் கண்ணில் பட்டது.

எங்கள் அப்பாவுக்கு அந்த மறதி நோய்தான், அல்சைமர். நாலு வருடம் ஆகிறது. தம்பி உங்கள் இதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 'வீக்கத்துக்கு மாத்திரை' கேட்டிருக்கிறான். நம் ஊரில் அப்படிக் கேட்டால் என்ன எடுத்துக் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சுளுக்குக்கும் பல்வலிக்கும் கொடுக்கிற அதே வலி மாத்திரைதான். எனக்குத் தெரியாமல் காலையும் ராத்திரியுமாகப் 11 நாள் கொடுத்திருக்கிறான். 12ஆம் நாள் அப்பாவுக்கு மலம் தார் மாதிரிக் கறுத்துப் போயிற்று. வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. 5 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எந்த இடம், எதற்குப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று புரியாமல் டிரிப்ஸ் ஊசியை மூன்று தடவை பிடுங்கிப் போட்டார்.

தம்பி செய்தது முழு மடத்தனம் என்றும் சொல்ல மாட்டேன். மூட்டுவாதத்துக்கு இந்த வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருகிறதே என்று 1990களில் கனடாவின் மூளை ஆய்வாளர்களான மெக்கீர் தம்பதியே எழுதினார்கள். அதை நம்பி அமெரிக்காவில் 2001இல், 70 வயது தாண்டிய 2,500க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நாப்ராக்சென், செலிகாக்சிப் என்ற அந்த வகை மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்து வருமோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மாத்திரையை நிறுத்தினார்கள். நோயையும் அது தடுக்கவில்லை. இந்தக் கதை முடிந்து 20 வருடம் தாண்டிவிட்டது. உங்கள் மருத்துவப் பக்கத்துக்கு மட்டும் இன்னும் தபால் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

நான் 30 வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்கள் கட்டுரை சொல்ல வந்தது அழற்சி. வீக்கம் வேறு, அழற்சி வேறு. வீக்கம் என்பது உப்பிப் போவது, அழற்சி என்பது உடம்பின் காவல் செல்கள் கிளர்ந்தெழுவது. எட்டாம் வகுப்புப் பிள்ளை மாற்றி எழுதினாலே சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது திருவனந்தபுரத்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கறுப்பாகத் தெரிந்த இடைவெளிகளைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். 'மூளை சுருங்கின இடம் இதெல்லாம்' என்றார். சுருங்கிக்கொண்டிருக்கிற மூளைக்கு வீக்கம் என்று பெயர் வைத்த பெருமை உங்களுடையது. இதில் இன்னொரு கூத்து, நிஜமாகவே மூளையை வீங்க வைப்பது அல்சைமருக்கு வந்திருக்கும் புது ஊசி மருந்துகள்தான். அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற லெகானெமாப், 2024இல் பெற்ற டோனானெமாப் இரண்டிலும் சிலருக்கு மூளையில் நீர் கோத்து வீக்கமும் சின்னச் சின்ன இரத்தக் கசிவும் வருகின்றன. அதற்காகவே அடிக்கடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு அதைப் பற்றி எழுதும்போது என்ன சொல் போடுவீர்கள்? வீக்கம் என்ற சொல்லைத்தான் செலவழித்துவிட்டீர்களே.

மைக்ரோகிளியா என்ற பெயர் உங்கள் கட்டுரையில் ஒரு இடத்தில்கூட இல்லை. 1919இலேயே ஸ்பெயினின் விஞ்ஞானி ரியோ ஒர்தேகா அடையாளம் காட்டிப் பெயர் வைத்த செல்கள் அவை. மூளைக்குள்ளேயே இருந்து குப்பை பெருக்குவதும் காவல் காப்பதும் அவற்றின் வேலை. அந்தக் காவலே ஓயாமல் உக்கிரமானால், அதுதான் மூளையின் அழற்சி, நல்ல நரம்பு செல்லையும் சேர்த்துக் கெடுக்கும். சரி, அப்படியானால் அதை அடக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. டிரெம்2 என்ற மரபணுவில் பழுது இருந்து இந்தச் செல்கள் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் அல்சைமர் அபாயம் கூடுகிறது என்று 2012 கடைசியில் கண்டுபிடித்தார்கள். அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து வந்தது அழற்சி. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவர்களைக் கேளுங்கள், தீ அணைந்தால் ஷீட் பூத்துப் போகும், மிஞ்சி எரிந்தால் கருகிப் போகும் என்பார்கள்.

அப்பாவும் ரப்பர் தொழில்தான். கீரிப்பாறைப் பக்கம் 35 வருடம் பால் வெட்டினார். இப்போதும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து, 'மக்ளே, நேரமாச்சு, வெட்டப் போண்டாமா?' என்று தலையில் கட்டுகிற லைட்டைத் தேடுவார். கத்தியை ஒளித்து வைத்திருக்கிறோம். கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நிற்கிற பலாமரத்தில் சாய்வாகக் கீறி, கீழே சிரட்டையை முட்டுக் கொடுப்பார். பலாவிலும் வெள்ளையாகப் பால் கசியும். அதனால் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். முதல் இரண்டு வருடம் 'வயசானா இப்படித்தான்' என்று சொல்லி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் மந்திரவாதம் என்றார்கள். ரேஷன் கடை மெஷினில் அவர் தேய்ந்த விரலின் ரேகை விழாதபோது, 'பெரியவரு வேணும்னே அழுத்த மாட்டேங்காரு' என்று கடைக்காரர் சிரித்தார்.

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஜோக் பக்கத்தில் மாதம் தவறாமல் ஒரு மறதித் தாத்தா வேட்டி இல்லாமல் தெருவுக்கு வருகிறார். அதைக் கண்டித்து இரண்டு வருடம் முன்னால் ஒரு கடிதம் எழுதினேன், போடவில்லை. அந்த இதழில் 'அட்டைப்படம் அருமை' என்று மூன்று கடிதம் போட்டிருந்தீர்கள். அட்டைப்படம் அருமைதான், மறுக்கவில்லை. ராசிபலனுக்கு 4 பக்கம், மூளைக்கு அரைப் பக்கம். அந்த அரையிலும் பாதி மஞ்சள் பால் படம். மஞ்சளில் உள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேருவதே அபூர்வம் என்பது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்காது. படம் அழகாக இருந்ததால் போட்டிருப்பார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி திருத்தம் போடுங்கள்: 'வீக்கம் என்று வந்ததை அழற்சி என்று படிக்கவும், இதற்காக யாரும் தாமாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.' மஞ்சள் அடிக்க வேண்டாம், கட்டமும் வேண்டாம். கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவு எழுத்து இருந்தால் போதும். நான் எத்தனை சொன்னாலும் தம்பி, 'அக்கா, புக்குலேயே போட்டிருக்கான்' என்கிறான். போட்டீர்களானால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பிவிடுவேன். அடுத்த லீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம்.

இப்படிக்கு,
20 வருடச் சந்தாதாரர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.